கண்கண்ட சாட்சியும் உளநூலும்



நீதிமன்றத்தில் பொய் சொல்பவனைக் கண்டுபிடிப்பது எளிய செயல் அன்று. அதனினும் அரிய செயல் ஒன்று உண்டு. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாமல், உண்மையையே உரைப்பதாக நெஞ்சார நம்பிக்கொண்டு, நடவாத ஒன்றைச் சொல்லும் நல்ல மனிதனைக் கண்டுபிடிப்பதே அது. பொய்யன் குறுக்கு விசாரணையில் தடுமாறுவான். முன்னுக்குப் பின் முரண்படுவான். நல்லவனோ தடுமாறுவதில்லை. தான் கண்டதைத்தானே சொல்கிறான்! அவன் குரலில் உறுதி இருக்கும். சொல்லில் தெளிவு இருக்கும். அந்த உறுதியை நம்பி நீதிமன்றம் தீர்ப்பளித்தால், குற்றமற்ற ஒருவன் சிறைக்குப் போகக்கூடும். குற்றம் செய்தவன் வெளியே உலவக்கூடும்.

இந்த இடத்தில்தான் உளநூல் வல்லுநருக்கு நீதிமன்றத்தில் வேலை பிறக்கிறது. துப்பறியும் நாவல்களையும் திரைப்படங்களையும் கண்டு பழகியவர்கள் அவரை ஒரு மந்திரவாதியைப் போல எண்ணுவதுண்டு. குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு முறை உற்று நோக்குவார். இரண்டு கேள்விகள் கேட்பார். "இவனே கொலைகாரன்" என்று கூறிவிடுவார் என்பது அவர்கள் கற்பனை. அத்தகைய ஆற்றல் அவருக்கு இல்லை. மனிதன் எப்படிக் காண்கிறான், கண்டதை எப்படி நினைவில் வைக்கிறான், பிறர் கேட்கும் கேள்வி அந்த நினைவை எப்படி மாற்றிவிடுகிறது என்பனவற்றைச் சோதனைகளால் அறிந்து, அந்த அறிவை நீதிபதியின்முன் வைப்பதே அவர் பணி. நஞ்சை ஆராயும் வேதிநூல் வல்லுநர் தம் ஆராய்ச்சிப் பொருளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மேசைமேல் வைத்துக் காட்டலாம். கைரேகை வல்லுநர் ரேகையைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டலாம். உளநூலார்க்கு அந்த வசதி இல்லை. அவர் ஆராயும் பொருள் குப்பியில் அடங்குவதன்று.

1901ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில், பெர்லின் பல்கலைக் கழகத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குற்றவியல் சட்டத்தில் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் ஃபான் லிஸ்ட் ஒரு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென ஒருவர் எழுந்து, அந்த நூலைக் கிறிஸ்தவ அறநெறியின் நோக்கில் ஆராய விரும்புவதாகக் கூறினார். மற்றொருவர் துள்ளி எழுந்து, அதைத் தம்மால் பொறுக்க இயலாது என்று கூச்சலிட்டார். சொற்போர் முற்றியது. ஒருவர் கைத்துப்பாக்கியை உருவினார். பேராசிரியர் இடையே பாய்ந்து அவர் கையைப் பற்றினார். வெடியோசை அறை முழுதும் அதிர்ந்தது. மாணவர் கூட்டம் கலங்கிப் போயிற்று.

சிறிது நேரத்தில் பேராசிரியர் அமைதியை நிலைநாட்டினார். நடந்தது முழுவதும் நாடகம். ஒவ்வொரு சொல்லும் செயலும் முன்னரே எழுதி ஒத்திகை பார்க்கப்பட்டவை. பிறகு சோதனை தொடங்கியது. கண்டதைச் சிலர் உடனே எழுதினர். சிலர் மறுநாளோ ஒரு வாரம் கழித்தோ எழுதினர். சிலர் சாட்சிகளைப் போல விசாரிக்கப்பட்டனர். நிகழ்ச்சி முழுவதையும் பதினான்கு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவர் சொன்னதையும் அவற்றோடு ஒப்பிட்டனர். மிகக் குறைவாகத் தவறு செய்தவரின் கூற்றில் 100க்கு 26 பங்கு பிழை. மிகுதியாகத் தவறியவரின் கூற்றில் 100க்கு 80 பங்கு பிழை! வாய் திறவாமல் நின்றவர்கள் பேசியதாகச் சிலர் எழுதினர். நடவாத செயல்களை நடந்தனவாகச் சிலர் எழுதினர். பரபரப்பு மிகுந்த பின்பாதியைப் பற்றிய கூற்றுகளில் பிழைகள் மேலும் பெருகின. இந்தக் கடைசிச் செய்தியை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். "அப்படிப்பட்ட பயங்கரத்தை மறக்க முடியுமா?" என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம். மறக்காமல் இருக்கலாம்; ஆனால், சரியாக நினைவில் வைத்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. இப்படித் தவறியவர்கள் எழுத்தறியாத பாமரர் அல்லர். பிற்காலத்தில் நீதிபதிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் அமரவிருந்த சட்ட மாணவர்கள்.

இச்சோதனையை அமெரிக்க மக்களிடையே பரப்பியவர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் என்னும் அறிஞர். ஜெர்மனியிலிருந்து சென்று ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உளநூல் ஆய்வுக் கூடத்தை நடத்தியவர். சாட்சியின் மனத்தைப் பற்றி அவர் 1908இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தம் கதையையே ஒரு சான்றாகக் கூறுகிறார். குடும்பத்தோடு வெளியூர் சென்றிருந்தபோது அவர் வீட்டில் திருடர் புகுந்தனர். பின்னர் நீதிமன்றத்தில் அவர் சத்தியம் செய்து சாட்சி கூறினார். மெழுகுவத்தித் துளிகள் இரண்டாம் மாடியில் சிந்திக் கிடந்தன என்றார். கடிகாரம் ஒன்றைத் திருடர் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தனர் என்றார். நிலவறைச் சன்னல் வழியாக நுழைந்தனர் என்றார். பிறகு பார்த்தால், மெழுகு சிந்தியிருந்தது மச்சில். கடிகாரம் சுற்றப்பட்டிருந்தது மேசை விரிப்பில். திருடர் நுழைந்தது பூட்டுடைத்த நிலவறைக் கதவின் வழியாக! நினைவாற்றலை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர், தம் வீட்டைப் பற்றி, பொய் சொல்லக் காரணம் எதுவுமின்றிக் கூறிய சாட்சியம் இது.

உளநூல் இவ்வளவு கண்டுபிடித்திருக்க, வழக்கறிஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லையே என்று மூன்ஸ்டர்பெர்க் கடிந்து பேசினார். வழக்கறிஞர்கள் சும்மா இருப்பார்களா? சான்றுச் சட்டத்தில் பேரறிஞரான விக்மோர் 1909இல் ஒரு கற்பனை வழக்கை எழுதி வெளியிட்டார். வழக்கறிஞர்கள் வாதிகள், மூன்ஸ்டர்பெர்க் பிரதிவாதி, குற்றம், அவதூறு. "நீங்கள் சொல்லும் முறைகள் உண்மையான வழக்குகளில் பயன்படும் என்று காட்டும் ஆராய்ச்சி எங்கே? எந்த நூலில் வெளிவந்தது?" என்று குறுக்கு விசாரணை நடக்கிறது. கற்பனை நீதிமன்றம் அவர்மீது ஒரு டாலர் நட்டஈடு விதிக்கிறது. வேடிக்கையாக எழுதப்பட்டதாயினும், அதில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். வகுப்பறை நாடகத்தில் கண்டதைக் கொண்டு, தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய வழக்கில் பேசிவிட இயலாது. அந்தக் கண்டனம் உளநூலுக்கு நன்மையே செய்தது. எனினும், விக்மோர் கேட்ட சான்றுகளைத் தேடித் திரட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே பெல்ஜியம் நாட்டில், ஓர் உண்மை வழக்கில், உளநூலார் ஒருவர் பெரும்பணி ஆற்றினார். 1910இல் அங்கு ஒரு சிறுமி கொலையுண்டாள். அவளோடு விளையாடிய சிறுமியர் இருவரை அதிகாரிகள் திரும்பத் திரும்ப விசாரித்தனர். தொடக்கத்தில் ஒன்றும் அறியாதிருந்த அக்குழந்தைகளின் கூற்று, கேள்விகள் வளர வளரத் தானும் வளர்ந்தது. இறுதியில் ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் தரப்பில் ஃபாரெண்டாங்க் என்னும் உளநூலார் அழைக்கப்பட்டார். அவர் அந்தச் சிறுமியரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. பள்ளிகளுக்குச் சென்று, அவர்கள் வயதை ஒத்த குழந்தைகளிடம் சோதனைகள் செய்தார். ஏழு வயதுக் குழந்தைகள் 18 பேரிடம், அவர்கள் நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் தாடி என்ன நிறம் என்று கேட்டார். 16 பேர், "கறுப்பு" என்றனர். இருவர் விடை கூறவில்லை. அந்த ஆசிரியருக்குத் தாடியே இல்லை!

தாடி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. என்ன நிறம் என்றே கேட்டனர். பெரியவர் ஒருவர் கேட்கும்போது, கேள்விக்குள் ஒளிந்திருக்கும் தாடியைக் குழந்தை ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களை மகிழ்விக்க வேண்டும் என்பது அதன் இயல்பு. அதிகாரிகள் சிறுமியரிடம் கேட்ட கேள்விகளிலும் இப்படியே விடைகள் ஒளிந்திருந்தன என்பதை ஃபாரெண்டாங்க் எடுத்துக்காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றார். குழந்தை சொல்வதெல்லாம் நம்பத் தகாதது என்னும் முடிவுக்கு அவர் போனார். அங்கே அவர் வரம்பு மீறினார் என்று இன்றைய உளநூலார் கருதுகின்றனர். விடையைத் திணிக்காமல், "என்ன நடந்தது? சொல்லம்மா" என்று கேட்டுக் காத்திருந்தால், சிறு குழந்தையும் உண்மையைச் சொல்லக்கூடும் என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

கேள்விக்கு மயங்குவது குழந்தைகள்மட்டுமா? 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் என்னும் அமெரிக்க அம்மையார், ஜான் பாமர் என்பவரோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்க்குக் கார்கள் மோதும் படங்களைக் காட்டினார். பிறகு, கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டார். எல்லாரும் கண்ட படங்கள் அவையே. கேள்வியில் ஒரு சொல்லைமட்டும் மாற்றினார். கார்கள் ஒன்றையொன்று "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள், சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றனர். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 40.5 மைல் என்றனர். மற்றொரு சோதனையில், படம் காட்டி ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார். "நொறுங்கிய" என்னும் சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர், கண்டோம் என்றனர். "இடித்த" என்னும் சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் அவ்வாறு கூறியவர் 7 பேரே. படத்தில் உடைந்த கண்ணாடி எதுவும் இல்லை. நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த புகைப்படம் அன்று. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் யாரேனும் ஒரு கோடு வரைந்துவிடுகிறார்கள். அந்தக் கோடு எது, பழைய படம் எது என்று உடையவராலேயே பிரித்தறிய முடிவதில்லை.

இவை வெறும் கல்லூரிச் சோதனைகள் என்று ஒதுக்குவதற்கும் பின்னர் இடமில்லாமற் போயிற்று. 1989 முதல் அமெரிக்காவில், மரபணுச் சோதனையின் துணையால், தண்டனை பெற்றவர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கப்பட்டனர். பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர்கள் அவர்கள். மரண தண்டனை பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. அவ்வழக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஏழில், கண்கண்ட சாட்சி தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தது தெரிந்தது. அச்சாட்சிகளுள் மிகப் பலர் குற்றத்துக்கு இரையானவர்கள். மனமறிந்து பொய் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அடையாள அணிவகுப்பில் ஒருவரைக் காட்டும்போது சாட்சியின் மனத்தில் நடப்பது என்ன? கேரி வெல்ஸ் முதலிய உளநூலார் இதை நுணுகி ஆராய்ந்தனர். வரிசையில் நிற்போருள், தாம் கண்டவனை மிகவும் ஒத்திருப்பவனைச் சாட்சி தேர்ந்தெடுக்கிறார். உண்மைக் குற்றவாளியை வரிசையிலிருந்து நீக்கிவிட்டாலும், பலர் "இவர்களில் அவன் இல்லை" என்று சொல்வதில்லை; எஞ்சியவருள் ஒருவனைக் காட்டிவிடுகின்றனர். அதன்பின் அதிகாரி, "சரியான ஆளைக் காட்டினீர்கள்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். தயங்கித் தயங்கிக் காட்டியவரும், முதலிலிருந்தே உறுதியாக இருந்ததாக எண்ணத் தொடங்குவார். நீதிமன்றத்தில் நாம் காணும் உறுதி அவ்வாறு வளர்ந்த உறுதியாகவும் இருக்கலாம். ஆகையால், அணிவகுப்பை நடத்துபவருக்கு, ஐயத்துக்கு உரியவர் யார் என்று தெரிந்திருத்தல் கூடாது. குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சிக்கு முன்னரே சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு உறுதியோடு காட்டினார் என்பதை அப்பொழுதே எழுதிக்கொள்ள வேண்டும் என்று உளநூலார் கூறினர். 2011இல் நியூஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், இவ்வாராய்ச்சிகளை ஏற்று, கண்கண்ட சாட்சியத்தை எப்படி எடைபோட வேண்டும் என்று ஜூரிமாருக்கு விளக்கமாக அறிவுறுத்தப் பணித்தது.

நம் நாட்டில் இன்று ஜூரிமார் இல்லை. சாட்சியத்தை எடைபோடும் பொறுப்பு முழுவதும் நீதிபதியைச் சார்ந்தது. நம் சட்டம் இந்த ஆபத்தை முற்றும் அறியாதது அன்று. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் காலத்திலிருந்தே, முதல் விசாரணையில் விடையைச் சுட்டிக் காட்டும் கேள்விகளுக்கு எதிர்த் தரப்பு மறுப்புத் தெரிவிக்கலாம். 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் இந்த ஏற்பாடு உண்டு. அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துவதும், போலீசார் விலகி நிற்பதும் நம் வழக்கம். சாட்சி முன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவரையோ அவர் படத்தையோ பார்த்திருந்தால், அணிவகுப்பின் மதிப்பு வீழ்ந்துவிடும் என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. நீண்ட அனுபவத்தால் சட்டம் கண்டறிந்ததற்கு, உளநூல் பின்னர் காரணம் கண்டது எனலாம். ஆயினும், கைப்பேசி வழியே ஒரு படம் ஒரு மணி நேரத்தில் ஊரெங்கும் பரவிவிடும் இந்நாளில், எந்தச் சாட்சி எதைப் பார்த்தார் என்று யார் அறிவார்?

தாடிக் கேள்வியின் எதிரொலியையும் நம் சட்டத்தில் கேட்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், வழக்கறிஞர்கள் குழந்தையை நேராகக் கேள்வி கேட்பதற்கு இடமில்லை. கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும்; அவரே குழந்தையிடம் கேட்பார். குழந்தை, குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் காண நேராதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, உளநூலார் தவறிய இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்னும் ஆசையே அது. 1907இல் அமெரிக்காவில், முன்னாள் ஆளுநர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொன்ற வழக்கில், ஹாரி ஆர்ச்சர்டு என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர் ஹேவுட்டே தன்னை ஏவினார் என்றான். நாம் முன்னர்க் கண்ட மூன்ஸ்டர்பெர்க்கே சிறைக்குச் சென்று, அவனைச் சோதித்து, அவன் சொல்வது மெய் என்று முடிவு கட்டினார். வழக்கு முடியுமுன்பே அச்செய்தி நாளிதழ்களில் வந்துவிட்டது. ஜூரிமாரோ ஹேவுட்டை விடுவித்தனர். வீட்டுத் திருட்டைப் பற்றித் தம் பிழைகளைத் தாமே எழுதிய அறிஞர், மற்றவன் மனத்தைப் பற்றி இத்துணை உறுதி கொண்டது வியப்பே.

அவர் ஆய்வுக் கூடத்தில் பயின்ற மார்ஸ்டன், இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தைக் கொண்டு பொய்யை அறியலாம் என்றார். 1923இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்துறை அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் நிலையை இச்சோதனை இன்னும் எய்தவில்லை என்று அதனைத் தள்ளிவிட்டது. மார்ஸ்டன் பிற்காலத்தில் படக்கதை எழுதினார். 'வொண்டர் உமன்' என்னும் வீரப்பெண் அவர் படைப்பே. அவள் கையில் ஒரு பொற்கயிறு உண்டு. அதில் சிக்கியவர் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும்! நீதிமன்றம் கொடுக்க மறுத்த கயிற்றைக் கதையிலாவது அவர் பெற்றார். இதயத் துடிப்பும் வியர்வையும் அச்சத்தைக் காட்டும். அது பொய்யனின் அச்சமா, குற்றமற்றவனின் அச்சமா என்பதைக் காட்டா.

நம் நாட்டிலும் பொய் காட்டும் கருவி, நார்கோ மருந்துச் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவை சில காலம் பெரிதும் பேசப்பட்டன. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், செல்வி என்பவருக்கும் கர்நாடக அரசுக்கும் இடையிலான வழக்கில், ஒருவரின் இசைவின்றி இச்சோதனைகளை அவர்மீது நடத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி யாரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியல் சட்ட உரிமை அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. இசைந்து செய்துகொண்டாலும், சோதனையின் முடிவே சாட்சியம் ஆகிவிடாது.

குற்றம் செய்தபோது ஒருவனுக்குச் சித்தம் தெளிவாக இருந்ததா என்னும் கேள்வி மிகப் பழையது. 1843இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கை ஒட்டி எழுந்த விதிகள் நம் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் எதிரொலித்தன. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவு. அங்கே பெரும்பாலும் மனநோய் மருத்துவரின் சொல்லே முன்னிற்கும். அதைவிட, மாணவ நண்பர்களே, உங்கள் வயதினரைத் தொடும் ஒரு சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது பொருத்தம்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பி 18 வயது நிரம்பாத ஒருவர்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், சிறார் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் செயலைச் செய்வதற்கான உள்ளத் திறனும் உடல் திறனும் அவனுக்கு இருந்தனவா, அதன் விளைவுகளை அவன் உணரக்கூடியவனாக இருந்தானா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பெரியவரைப் போல அவன் விசாரிக்கப்படுவானா என்பது இதைப் பொறுத்தது. மதிப்பீட்டை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். உளநூல் வல்லுநரின் துணையைக் குழுமம் பெறலாம் என்பது சட்டத்தின் சொல். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், குழுமத்தில் குழந்தை உளநூலோ உளமருத்துவமோ கற்றவர் எவரும் இல்லையாயின், அத்துணையைக் கட்டாயம் பெற்றே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருள் கூறியது.

அந்த வல்லுநர் சிறுவனோடு பேச அமரும்பொழுது, செயல் நடந்து வாரங்கள் கழிந்திருக்கும். அவர்முன் இருப்பது இன்றைய மனம். சட்டம் கேட்பதோ அன்றைய மனத்தைப் பற்றி. இடையில் அவன் காவலில் இருந்திருக்கிறான், வழக்கறிஞரைக் கண்டிருக்கிறான், தாய் அழுவதைப் பார்த்திருக்கிறான். அறிவுத்திறன் சோதனை ஓர் எண்ணைத் தரும். தோழர் கூட்டத்தின் நடுவே, சினம் ஏறிய நொடியில், அந்த அறிவு எவ்வளவு வேலை செய்தது என்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே அவர் பள்ளி ஆசிரியரைக் கேட்கிறார், பெற்றோரைக் கேட்கிறார், அவனையே பல முறை, பல வகையாகக் கேட்கிறார். ஒவ்வொரு கேள்வியிலும் இல்லாத தாடி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தம் கேள்விகளையும் சோதித்துக்கொள்கிறார். பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றாலும், 21 வயது நிறையும்வரை அவன் பாதுகாப்பு இல்லத்தில் இருப்பான்; அதன்பின் அவன் திருந்தியிருக்கிறானா என்று மீண்டும் ஒரு மதிப்பீடு நடக்கும். அன்று அவனை விடுவிப்பதா, எஞ்சிய காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும்.